இருட்டுக்கு ஓர் அறை

வாடகைக்கு இருந்த மாணவி மே மாதம் காலி செய்தாள்.
சுவரில் நான்கு ஆணித் துளை,
ஜன்னலடியில் ஒற்றைக் கம்பளிச் சாக்ஸ்.
இனி யாருக்கும் விடவேண்டாம்,
இது தியேட்டர் என்றான் ஒட்வார்.
நீளம் நான்கு மீட்டர் இருபது,
அகலம் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.
மீன்முள் ஒதுக்கிய தட்டுக்குப் பக்கத்தில்
பென்சிலால் வரைந்தான்:
இங்கே திரை. இங்கே சோபா. இங்கே நீ.

ட்ரோம்சோவில், அதுவும் ஜூனில்,
தியேட்டர் கட்டுகிறவனை என்னவென்று சொல்ல?
முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம்.
நள்ளிரவிலும் கடல்மேல் குந்திக்கொண்டு
வீட்டுக்கு வீடு எட்டிப் பார்க்கிற வெயிலை
எதில் மறைப்பது?

படகுப் பட்டறையில் இருபத்தாறு வருஷம்
நீர் ஒழுகும் இடம் தேடிய கை அவனுக்கு.
இப்போது ஒளி ஒழுகும் இடம்.
ஜன்னலுக்கு அளந்து வெட்டிய பிளைவுட்,
விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை,
கதவடியில் தூரிகை,
சுவருக்கு நிலக்கரி நிறம் இரண்டு பூச்சு. கூரைக்கும்.
கல்கம்பளி அடைத்த சட்டங்களுக்குத் துணி தைத்தவள் நான்;
இரண்டு வாரம் முழங்கை அரித்தது.
திரைத் துணியை இழுத்துப் பிடி என்பான்,
இழுத்தால், இவ்வளவு வேண்டாம் என்பான்.
ஸ்டேப்ளர் சத்தத்துக்கு நடுவே
இத்தனை வருஷக் கல்யாணத்தில்
சொல்லாமல் வைத்திருந்த சிலதைச் சொல்லிக்கொண்டோம்.
அப்புறம் காபி குடித்தோம்.

ஸ்பீக்கர்கள் வந்தன. ஆழ்குரல் பெட்டி வந்தது,
துணி துவைக்கும் இயந்திரம் அளவுக்கு.
புரொஜெக்டர் மட்டும் ஏதோ கிடங்கில் தூங்கியது.
பெட்டியைச் சோதிக்க
ஒரே ஒரு தாழ்ந்த சுருதியை ஓடவிட்டான்.
காதுக்குக் கேட்டதைவிட அடிவயிற்றுக்குக் கேட்டது.
வீட்டில் தளர்ந்ததெல்லாம் ஆஜர் சொல்லிற்று:
அலமாரிக் கரண்டிகள், குளியலறைக் கண்ணாடி,
என் கடைவாயில் பழைய அடைப்பு.
ஒவ்வொன்றாய் முடுக்கினான்.
பல்லை விட்டுவிட்டான்.

அன்றிரவு பதினொன்றே முக்கால்.
இருட்டைச் சரிபார்க்கக் கதவைச் சாத்தி உட்கார்ந்தோம்.
முதலில் ஒன்றுமில்லை.
என் கை எனக்கே தெரியவில்லை.
மூன்று வாரமாய்க் கண் காணாத கும்மிருட்டு,
குடிக்கலாம் போலிருந்தது.
கண் பழகப் பழகத்
திரையில் ஏதோ கசிந்தது.
கீழே நீலம். மேலே பச்சை.
மேலே, ஏதோ அசைந்தது.

பலகையில் தப்பாய்த் துளைத்து
நாளை அடைக்கிறேன் என்று அவன் விட்ட ஸ்குரூ துளை.
அதன் வழியே தெரு முழுக்கத்
தலைகீழாய் உள்ளே வந்து நிற்கிறது.
பூனை ஒன்று விட்டத்தில் நடப்பதுபோல் சாலையில் நடக்கிறது.
எதிர்வீட்டு யார்ட்ரூட்
படகைக் கவிழ்த்துப் போட்டுச் சாயம் அடிக்கிறாள்.
எங்களுக்கு அது நிமிர்ந்த படகு,
அவள்தான் வௌவால்.

நாற்பதாயிரம் குரோனர் ஸ்பீக்கர்கள்
வாயடைத்து நின்றன.

அவள் தூரிகையை வைத்தாள்.
இடுப்பில் கையூன்றி நின்றாள், வெகுநேரம்.
யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிற ஒரு முதுகு.
பார்க்கலாமா இதை? என்றேன்.
தெருதானே என்றான்.
அதையும் கிசுகிசுப்பாய்த்தான் சொன்னான்.
இருவரும் எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை புரொஜெக்டர் வந்தது.
துளைமேல் கறுப்பு டேப் ஒட்டினான்.
முதல் படத்தில் குதிரைகள் ஓடின;
எங்கே போய்ச் சேர்ந்தன என்று தெரியாது,
அந்த இருட்டில் இருவரும் ஒன்பது மணிநேரம் தூங்கிப்போனோம்.

டேப்பின் ஒரு முனை மட்டும் மடிந்திருக்கிறது,
நகத்தால் பிடித்து இழுக்க வாகாய்.
கேட்டால் கைத்தவறு என்கிறான்,
ஊசிமுனை ஒழுக்கும் பொறுக்காத மனிதன்.

சனிக்கிழமை யார்ட்ரூட்டைப் படத்துக்கு அழைத்தோம்.
நகக்கண்ணில் சிவப்புச் சாயத்தோடு வந்தாள்,
சோபாவில் சாய்ந்தாள், சுற்றிலும் பார்த்தாள்,
நல்ல இருட்டு என்று மெச்சினாள்.
அங்கே பலகையில் என்ன, டேப்? என்றாள்.

ஒன்றுமில்லை என்றோம்,
இரண்டு பேரும்,
ஒரே நேரத்தில்.