ஏழாவது ஷரத்து

மே மாதம் வந்தால் துஸ்லாவுக்குச் செர்ரிப் பழம் வரும்,
கூடவே அமெரிக்க மாணவர்கள்.
சமூகப்பணியில் முதுகலை, சிலர் பொதுக்கொள்கை.
மூன்று வாரம், மூன்று கிரெடிட்,
ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில்.
என் மேசையில் முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்பு.
அதற்கு நடுவே அவர்களுக்கு
ஒன்பது நாற்காலி தேட வேண்டும்.

முதல் நாள் நான் சொல்வது இவ்வளவுதான்:
வாசலில் ஷூவைக் கழற்றுங்கள்.
வீட்டுக்காரர் நீட்டும் செருப்பு
குதிகாலுக்கு எட்டாவிட்டாலும் போட்டுக்கொள்ளுங்கள்.
காப்பியை மறுக்காதீர்கள்.
கடன் சொல்லி வாங்கிய தூளாக இருக்கும்.
அதனால்தான் மறுக்கக் கூடாது.

இது உப்பின்மேல் நின்ற ஊர்.
உப்பை உறிஞ்ச உறிஞ்ச
ஊர் உட்கார்ந்துவிட்டது.
ஹைரியா ஸுகிச் பிறந்த தெரு இப்போது புல்வெளி;
நாய்களை உலாத்துகிறார்கள்.
அவள் இருப்பது சித்தப்பா மகனின் நிலவறையில்.
விண்ணப்பத்தில் முகவரி கேட்கிறார்கள்.
அவளுடைய முகவரி இல்லை.
இருக்கிற முகவரி அவளுடையதில்லை.
நான்கு முறை போய்
நான்கு முறை திரும்பிய கோப்பு.

டெலேனி கேள்வித்தாளைப் பிரித்தாள்:
"இக்கட்டான காலத்தில் உங்களைத் தாங்கி நிற்பது எது?"
ஹைரியா என்னைப் பார்த்தாள்.
"என்ன கேட்கிறது இந்தப் பெண்?"
"வாடகைக்கு என்ன செய்கிறாய் என்கிறாள்" என்றேன்.
அரைமணி நேரம் பதில் வந்தது.
டெலேனி ஒரே சொல்லாக எழுதினாள்: மீள்திறன்.
தலைகீழாய் எனக்குத் தெரிந்தது.
வேனில் கேட்டாள், உங்கள் மொழியில் இதற்கு என்ன சொல்வீர்கள்?
"வேறு வழியில்லை."
எழுத்துக்கூட்டச் சொல்லி
அதையும் குறித்துக்கொண்டாள்.

வேனில் எப்போதும் தூங்கும் கோவால்ஸ்கிதான்
ஒப்பந்தத்தைப் படித்தவன்.
பதினான்கு பக்கம். எட்டு வருடமாக
கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
"ஏழாவது ஷரத்து, மெர்சிஹா.
பரிமாற்றம் இரு திசையிலும் நடைபெற வேண்டும்.
நடைபெறலாம் என்று இல்லை. வேண்டும்."
வந்தவர்கள் எழுபத்தோரு பேர்.
போனவர்களை எண்ண விரல் மடக்கவில்லை.

சரயேவோவில் விசா ஜன்னல்.
திரும்பி வருவீர்கள் என்பதற்கு ஆதாரம்?
பெயர்களை மறைத்து
கோப்பு எண்களின் பட்டியலை உள்ளே தள்ளினேன்.
அந்த ஆள் முதல் முறையாகச் சிரித்தான்.

மில்வாக்கி. பிப்ரவரி.
மாவட்ட உதவி அலுவலகத்து வாசலில்
பழக்கத்தில் குனிந்து செருப்பைத் தேடினேன்.
ஆரஞ்சு நாற்காலிகள், தரையோடு போல்ட் போட்டவை.
பல்கலைக்கழகம் கொடுத்த தண்ணீர் பாட்டில் என் கையில்.
எண்பத்தெட்டாம் டோக்கன்காரி லாட்ரிஸ்
அதைப் பார்த்தாள், என் கேள்வித்தாளைப் பார்த்தாள்,
பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.
முதல் கேள்வியைத் தாண்டிவிட்டேன்.
"முகவரிக்கு என்ன எழுதினீர்கள்?"
"தங்கை வீடு. ஆனால் குத்தகைத்தாளில் என் பெயர் இல்லை."
பிறகு ஒரு காகிதத்தைக் காட்டினாள்.
தங்கை எழுதியது, நோட்டரி முத்திரையோடு:
இவள் இங்கே தூங்குகிறாள்.
ஒரே வரி. ஜன்னலில் வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு வாரத்தில் அருங்காட்சியகம், உறைந்த ஏரி,
மூன்று கருத்தரங்கு எல்லாம் பார்த்தேன்.
பெட்டியில் கொண்டுவந்தது அந்த வரியைத்தான்.

மேசையில் இப்போது முந்நூற்றுப் பத்தொன்பது.
ஹைரியாவின் கோப்பு ஐந்தாம் முறை திரும்பியிருந்தது.
சித்தப்பா மகனை வரச் சொன்னேன்.
பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் யோசித்தான்,
தூங்குவதற்கெல்லாமா சாட்சி என்று.
எங்கள் விதிகளில் அப்படியொரு காகிதத்துக்கு இடமில்லை.
கூடாது என்றும் எங்கும் எழுதியில்லை.
நகராட்சி முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன்.

இன்னும் பதில் வரவில்லை.
செர்ரி பூத்துவிட்டது.
இந்த முறை பதினோரு பேராம்.
நாற்காலி தேட வேண்டும்.