சி-யிலிருந்து எஃப்புக்கு

நயதேத்தின் கல்யாணத்தில் நான் வாசித்ததை
அவள் சித்தி மகன் போனில் பிடித்திருந்தான்.
கேக், கண்ணீர், மேசைக்கடியில் தூங்கும் ஒரு பையன்,
நடுநடுவே என் முழங்கை.
மூன்றாம் முறை ஓட்டிப் பார்க்கையில்தான் கேட்டது:
சி-யிலிருந்து எஃப்புக்குப் போகும் வழியில்
ஒரு சின்னப் பள்ளம்.
தும்மல் அளவு.
ஒவ்வொரு முறையும், அதே இடத்தில்.

பத்தொன்பது வருடம்.
வல்தீவியாவின் எல்லா ஓட்டல் மதுக்கூடங்களிலும்,
ஆற்றுப் படகில் ஜெர்மன் பயணிகளுக்கும்,
இரண்டு இழவு வீடுகளிலும் வாசித்திருக்கிறேன்.
அந்தப் பள்ளத்தை
என் பாணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.
ஒருவன் அதற்காகவே என்னைக் காதலிப்பதாகச் சொன்னான்.
அவன் டிரம்ஸ் வாசிப்பவன்.
அவனுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஜூன். கூரையில் ஏறி உட்கார்ந்த மழை
இறங்க மனமில்லாத மாதம்.
விறகடுப்பின் பக்கத்தில் முக்காலி போட்டு
மெட்ரோனோமை நாற்பதில் வைத்தேன்.
நாற்பது என்பது
ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே
மின்கட்டணம் ஞாபகம் வருகிற வேகம்.

முதல் வாரம் இடது கைக்கு விடுமுறை.
வெறும் தந்தி.
கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம்.
ஆறு, மூன்று, இரண்டு, ஒன்று.
மறுபடியும்.
மோதிரவிரல் எப்போதும் மயிரிழை முந்துகிறது,
வரிசையில் நிற்கத் தெரியாத ஆள்.

இரண்டாம் வாரம் கண்டுபிடித்தேன்:
கிட்டாரின் கழுத்தை
என் இடது கட்டைவிரல் பிடிக்கவில்லை, நெரிக்கிறது.
எதற்கு இவ்வளவு பயம்?
எங்கே ஓடிவிடப் போகிறது?
தளர்த்தினால் சுரம் செத்தது.
இறுக்கினால் மணிக்கட்டு வலித்தது.
நடுவில் ஓர் இடம் இருக்கிறது,
ஃப்ரெட்டை ஒட்டினாற்போல்.
அங்கே, ஈரச் சோப்பைப் பிடிக்கிற அழுத்தம் போதும்.
பதினேழு வயதில் இதை யாராவது சொல்லியிருக்கலாம்.
அப்போது வேகமாக வாசித்துக்கொண்டிருந்தேன்,
காதில் விழுந்திருக்காது.

மூன்றாம் வாரம், வியாழக்கிழமை,
கதவுக்கடியில் ஒரு சீட்டு.
கீழ்வீட்டு எலியோதோரோ. சந்தியாகோவுக்கு
இரவுப் பேருந்து ஓட்டுகிறவர், பகலில் தூங்குகிறவர்.
மன்னிப்பைத் தயார் செய்துகொண்டு பிரித்தேன்.
"இல்சே அவர்களுக்கு,
உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் குழந்தையிடம் சொல்லவும்:
திங்களைவிட இன்று பரவாயில்லை.
அழ வேண்டாம்."

யாரும் அழவில்லை.
(திங்கட்கிழமை, ஒருமுறை. அது கணக்கில்லை.)
சீட்டைக் கிட்டார் பெட்டியில்
மாற்றுத் தந்திகளுக்குக் கீழே வைத்தேன்.

மறுநாள் படியில் எதிர்ப்பட்டார்.
குழந்தைக்கு என்ன வயது?
நாற்பத்தொன்று என்று சொல்ல வாயெடுத்து
ஒன்பது என்றேன்.
"ஒன்பதில் விரல் சின்னது" என்றார்.
"எஃப் கஷ்டம்தான். நான் அங்கேதான் விட்டேன்.
கிட்டாரை விற்று டயர் வாங்கினேன்."

சனிக்கிழமை எனக்குத் தாங்கவில்லை.
ஓட்டல்களில் கைதட்டல் வாங்கித் தரும் துண்டை
முழு வேகத்தில்
ஜன்னல் கண்ணாடி அதிர அடித்துத் தீர்த்தேன்.
ஞாயிறு காலை இன்னொரு சீட்டு.
"நேற்று வந்திருந்தவர் வேகமாக வாசிக்கிறார்.
அவருக்கும் எஃப் பக்கம் ஒரு தடுக்கல்.
குழந்தை ஊருக்குப் போய்விட்டதா?"

இல்லை, எலியோதோரோ.
இங்கேதான் இருக்கிறது.
விறகு வாங்கப் போயிருந்தது.

மெட்ரோனோம் இப்போது நாற்பத்தாறில்.
சி.
எஃப்.
பள்ளம் மூடவில்லை.
ஆனால் அதன் விளிம்பு எங்கே என்று
இருட்டில் காலால் தடவிப் பார்க்க முடிகிறது.
ஆற்றங்கரை மீன் சந்தையில் ஒரு கடல்சிங்கம்
தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் கத்துகிறது.
கீழே நாற்காலி நகரும் சத்தம்.
விழித்துவிட்டார்.
அவர் பேருந்து கிளம்ப
இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.
சி.