ஏழுக்கு ஒன்று

சனிக்கிழமை ஆட்டம் ஏழு மணிக்கு.
ஐந்தரைக்கே ட்யூனரைப் போட்டுவிடுவேன்.
வால்வுகள் சூடேறி முள் தன் இடத்தில் குந்த
நாற்பது நிமிஷமாவது வேண்டும்.
அதுவரை நிலையம் நழுவிக்கொண்டே இருக்கும்,
கடன் வாங்கியவன் தெரு மாற்றி நடப்பதைப் போல.

ஹான்காக் குன்றின் வடசரிவில் என் வீடு.
ஒலிபரப்புக் கோபுரம் தென்சரிவில்.
நடுவே பாறை; பாறைக்குள்
யாரோ செம்பை வழித்துத் தின்றுவிட்டுப் போன காலி.
பண்பலைக்கு அதிகம் வளையத் தெரியாது.
நேரே வரும்,
இல்லையென்றால் முட்டிக்கொண்டு நிற்கும்.

முதல் குளிர்காலம் முழுக்க
அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடையில்
இடது கையைத் தூக்கியபடி நின்றால்தான்
ஹாக்கி வர்ணனை கேட்டது.
கையை இறக்கினால் வெறும் இரைச்சல்.
ஒருமுறை எங்கள் பையன்கள் கோல் போட்டார்கள்.
துள்ளினேன்.
துள்ளியதில் நிலையம் போயிற்று.
யார் போட்டது என்பதைத் திங்கட்கிழமை
பேப்பரில்தான் பார்த்தேன்.

பிறகு வேலையில் இறங்கினேன்.
முன்முனை வால்வுக்கு ஆறு மாற்று;
ஐந்தாவதில் இரைச்சல் கொஞ்சம் உட்கார்ந்தது.
ஊசிக்கால்களின் கறுப்பைத் துடைத்தேன்.
சுருள்களைப் பிளாஸ்டிக் திருப்புளியால் கால் சுற்று, அரைக்கால் சுற்று.
இரும்பு கிட்டே வந்தாலே அவை பொய் சொல்லும்.
தட்டைக் கம்பியைத் தகரப் பீலியிலிருந்து
ஒரு சாண் தள்ளிக் கட்டினேன்.
கூரைமேல் ஐந்து கொம்பு ஆன்டெனா,
குன்றைப் பார்த்து, பக்தியோடு.

சத்தம் கூடியது. தெளிவு கூடவில்லை.
ஒரே சொல் இரண்டு வழியாக வந்து
தன்மேல் தானே மோதிக்கொண்டது.
ஒவ்வொரு 'ஸ்'ஸும் கிழிந்த துணி.
பச்சைக் கண்ணின் நிழல் மூட
மயிரிழை பாக்கி. அந்த இழை மூடவே இல்லை.

பிப்ரவரியில் ஏரியிலிருந்து ஒரு காற்று.
விடிந்தபோது எதிர்வீட்டு டேரின் ஹௌட்டாலா
ஏணியோடு வாசலில் நிற்கிறான்.
"டெல்மா, உன் ஆன்டெனா கோணிக்கிட்டுக் கிழக்கே பாக்குது."
கிழக்கே ஒன்றுமில்லை,
மூடிக் கிடக்கும் சுரங்கத்தின் தகரக் கொட்டகை தவிர.
"ஏறட்டுமா?"
உள்ளே, நான் அணைக்க மறந்த ட்யூனரில்
ஒரு பெண் பன்றியிறைச்சி விலை வாசிக்கிறாள்.
'ஸ்' முழுசாக இருக்கிறது.
தகரத்தில் பட்டுத் திரும்பியது மட்டும் வருகிறது,
தனியாக, யாரோடும் சண்டையில்லாமல்.
"தொடாதே," என்றேன்.
"தொட்டால் உன் கையை உடைப்பேன்."
டேரின் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

அந்தச் சனிக்கிழமை எல்லாமே கேட்டது.
பனிக்கட்டியைச் சீவும் இரும்பு,
வர்ணனையாளர் வெண்டலின் நாற்காலிக் கிறீச்சு,
அவர் தாளைப் புரட்டுவது,
நாலாவது கோலுக்குப் பின் தண்ணீர் குடிப்பது.
பச்சைக் கண் ஒட்ட மூடியிருந்தது.

ஏழுக்கு ஒன்று. தோற்றோம்.
கடைசி மணி அடித்ததும் வெண்டல் விட்ட பெருமூச்சு
ஒரு துளி இரைச்சலில்லாமல்
குன்றைச் சுற்றிக்கொண்டு என் அடுக்களைக்கு வந்தது.
இரண்டு கையும் சும்மா இருந்தன.
பாத்திரம் கழுவினேன்.