இரண்டு கோடு

"ஹலோ, கேட்கிறதா?"
ரொறன்ரோவில் ஒரு மருத்துவர் மூன்றாம் முறை கேட்கிறார்.
அவருக்கும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற
முகம் தெரியாத ஒருவருக்கும் நடுவில்
நான்தான் வாய்.
பேச்சை வைத்துப் பார்த்தால் அளவெட்டிப் பக்கம்.
"வலி இடப்பக்கத் தோளில துவங்கி…" என்றார்.
அதன்பிறகு திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி, இரவு எட்டே முக்கால்.
கைபேசி டேட்டா நேற்றோடு சரி.
ரவுட்டரை அணைத்தேன், முப்பது எண்ணினேன், போட்டேன்.
மடிக்கணினியையும் அப்படியே.
கடவுச்சொல்லை மறக்கச் சொன்னேன். உடனே மறந்தது.
திரும்பச் சொல்லிக்கொடுத்தேன்.
அயலாரின் வைஃபை எல்லாம்
கொடியில் காயும் பிறத்தியார் உடுப்புப்போல
நிறைந்து தொங்குகின்றன:
பெரேரா மேல்மாடி, ஷிஃபானா ஹோம், கேட்காதே.
எல்லாவற்றிலும் பூட்டு.
எங்களுடையது ஒற்றைக் கோடு.

கம்பனிக்கு அடித்தேன். தமிழுக்கு மூன்று.
மூன்றை அழுத்தினால் பதினொரு நிமிடம் சிங்களப் பாட்டு.
பிறகு ருஷாங்கன் என்று ஒரு பெடியன், குரலில் தடிமன்.
"ரவுட்டருக்கும் லப்டொப்புக்கும் இடையில எத்தினை சுவர் அக்கா?"
"ஒண்டு."
"வேற என்ன நிக்குது?"
இரும்பு அலுமாரி. மீன்தொட்டி.
சாத்தின கதவு.
"தண்ணியும் இரும்பும் சிக்னலைக் குடிச்சிடும்.
வீட்டில வேற ஆரும் இருக்கினமா?
ஒராள் ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு நடந்தா நல்லம்."

இருக்கினம்.
திங்கட்கிழமையிலிருந்து நாங்கள் பேசுவதில்லை.
அவருடைய அண்ணன், ஒரு பழைய வான், எங்கள் எண்பதாயிரம்.

கதவைத் திறந்தேன்.
"இதைப் பிடியுங்கோ."
ஐந்து நாளில் முதல் சொல்.
பொங்கப்போகிற பால்சட்டியைப்போல
உடம்பில் படாமல் பிடித்தார்.
"இப்ப?"
"இல்லை."
"இப்ப?"
"ஒண்டு."
மீன்தொட்டியைச் சுற்றி வந்தார். மீன்கள் திரும்பிப் பார்த்தன.
"இப்ப?"
"ரெண்டு. அசையாதையுங்கோ!"
கடலோரத்து ரயில் போனது. யன்னல் அதிர்ந்தது. மறுபடி ஒன்று.
ரயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றான் ருஷாங்கன்.
ஆனாலும் அது தெஹிவளைப் பக்கம் தேயும்வரை
மூன்று பேரும் பேசாமல் நின்றோம்.

கடைசியில் பிடித்தது அறைவாசலில்,
நிலைக்கு நேர் நடுவில்,
திருவலைப் பலகையைக் கவிழ்த்து அதன் மேல்.
நான்கு கோடு.
வயர் அதற்கு மேல் ஒரு சாண்கூட நீளாது.
"உதில வைச்சா கதவு சாத்தேலாது," என்றார்.
"ஓம்," என்றேன், ஹெட்செட்டை மாட்டியபடி.

அளவெட்டிக்காரரை அதற்குள்
வேறு யாரோ மொழிபெயர்த்து முடித்திருந்தார்கள்.
தோளில் துவங்கிய வலி எங்கே போனதென்று
எனக்கு இனித் தெரியவராது.
அடுத்த அழைப்பில் ஒரு பெண்: காதில் இரைச்சல்,
எட்டு மாதமாக.
"எப்படியான இரைச்சல்?" என்று கேட்கிறார் மருத்துவர்.
கேட்கிறேன்.
முன்னறையில் கிரிக்கெட். யாரோ ஆட்டமிழக்கிறார்கள்.
அவர் சத்தத்தைக் குறைக்கிறார்,
முழுதாக அல்ல.

எண்பதாயிரம் அப்படியே இருக்கிறது.