செல்லாத பெயர்

ஊத்தான் மெலிந்தாங்கில், மோட்டார் சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
ஒரு வரிக்கு நாற்பது காசு எனக்கு.
ரத்தச் சுத்திகரிப்பு மையத்தின் முன்பதிவுப் படிவம்:
அறுபத்து மூன்று பிழைச்செய்திகள்
வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக வேண்டும்.

முதல் வரியிலேயே சிக்கல்.
வளைந்த அடைப்புக்குள் ஒரு காலி இடம்.
பெயரோ முகவரியோ, எதையோ
இயந்திரம் பிறகு கொண்டுவந்து வைக்குமாம்.
அதன் வாலில் நான் ஐ சேர்க்க வேண்டும்.
பெயர்ஐ நிரப்புக. முகவரிஐ நிரப்புக.
தொண்டையில் மீன்முள் மாதிரி அந்த ஐ.
வேற்றுமையே வேண்டாமென்று
பெயர் தேவை, முகவரி தேவை என முடித்தேன்.
தேவை எதோடும் ஒட்டிக்கொள்ளும்.

குறைந்தது மூன்று எழுத்து என்பதும் அப்படித்தான்.
கௌரி நமக்கு இரண்டு.
அதற்கு நான்கு.
கொம்பும் கொக்கியும் தனித்தனி ஆள்,
பெரட்டில் நிழலுக்கும் பேர் போட்ட மாதிரி.

பிறகு வந்தது, செல்லாதது.
அகராதி ஒப்புக்கொண்டது.
பதினேழு இடத்தில் ஒட்டிவிட்டுப் பசியாறப் போனேன்.

செவ்வாய் பின்னேரம் படியேறி வந்தார்
போன வருஷம்வரை செம்பனை லாரி ஓட்டிய காத்தவராயன்.
போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.
காத்தவராயன், ஏ, சாய்கோடு, எல், பாவாடை.
அடியில் சிவப்பில் என் வரி:
செல்லாத பெயர்.

"அடையாளக் கார்டுல செல்லுது.
லைசென்ஸ்ல செல்லுது.
வாரம் மூணு நாள் அந்த மிஷின்ல படுக்கிறப்ப செல்லுது.
யாரு எழுதினது இத?"

நான்தான் என்று சொல்லவில்லை.
தேத்தண்ணி வேண்டுமா என்றேன்.
"இன்னிக்கு என் தண்ணி முடிஞ்சிருச்சு" என்றார்.

கோலாலம்பூரில் இருக்கும் சைஃபுலுக்கு எழுதினேன்:
இங்கே பாதி ஊரின் பெயரில் சாய்கோடு உண்டு.
உடனே பதில்:
விதியைத் திருத்த அடுத்த மாதம் ஆகும்,
சொல்லை மட்டும் மாற்று, அறுபது எழுத்துக்குள்.
அறுபது என்றால், இயந்திரம் எண்ணும் அறுபது.

மூன்று மணி நேரம், அந்த ஒரு வரிக்கு.
மன்னிக்கவும் என்று தொடங்கினால்
பாதி இடம் மரியாதையிலேயே போகிறது.
கடைசியில் நின்றது:

சாய்கோடு எனக்குப் படிக்க வராது. அதை விட்டு எழுதுங்கள்.

ஐம்பத்து நான்கு. ஆறு மிச்சம்.
ஐயா போடலாம், இடம் இருக்கிறது;
பெண்களும் வருவார்களே என்று விட்டேன்.

புதன் காலைப் பட்டியலில் அவர் பெயர் ஏறியிருந்தது.
நடுவில் ஏயும் எல்லும்
பிடித்திருந்த கையை விட்டவைபோல் தள்ளித் தள்ளி.

பில் அனுப்பிவிட்டேன்:
இருபத்தைந்து வெள்ளி இருபது காசு.
இன்னும் பதினாறு இடம் அப்படியே கிடக்கிறது.
கீழே யாரோ எக்சாஸ்ட்டை முறுக்கிப் பார்க்கிறார்கள்.
அடுத்ததைத் திறக்கிறேன்:
செல்லாத பிறந்த தேதி.