வேலந்தாவளம் செக்போஸ்ட்

கோவை ஏர்போர்ட்டிலிருந்து
என் ஆம்னியில் மடங்கி வந்தான்
டெரல் விட்காம்ப், ஆறடி ஒன்பது.
முழங்கால் இரண்டும் டேஷ்போர்டில்.

லித்துவேனியாவில் இரண்டு சீசன், சைப்ரஸில் ஒன்று,
போலந்தில் டீமே திவால்.
நாலு மாசச் சம்பளம் இன்னும் பாக்கி என்று
விரல் மடக்கிக் காட்டினான்.
போன வருஷ டோர்னமெண்ட் வாடகை
எனக்கும் வரவில்லை என்று சொல்ல
இங்கிலீஷ் போதவில்லை.
சிரித்து வைத்தேன்.

டார்ச் அடித்துப் பையைத் திறக்கச் சொன்னார்கள்.
ஐஸ் பை, முழங்கால் பட்டை,
பரிசல் மாதிரி ஒரு ஜோடி ஷூ.
"எந்தா இது?"
"காலு, சாரே."

கொழிஞ்சாம்பாறை மைக்கில் அவன் 'விட்கொம்பன்'.
ஊரே யானையாய்ப் பிளிறியது.

கடைசி குவார்ட்டரில்
அவன் இடது காலை இழுப்பது
கமிட்டிக் கண்ணில் படுமுன்
வண்டியை
கோவை பார்க்கத் திருப்பி நிறுத்தினேன்.