மேல் எது

சட்டம் அடிப்பவன் நான்.
சால்வே கழிமுகத்தின் வடகரையில்
மூடிப்போன வங்கியின் பின்கட்டில் கடை.
பெரும்பாலும் கல்யாணப் படங்கள்,
பரிசு வென்ற செம்மறிக் கிடாக்கள்,
செத்துப்போன நாய்கள்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
கிரீர் மாக்ஸ்டன் ஈரம் காயாத ஒன்றைக் கொண்டுவந்து
மேசைமேல் கிடத்தினாள்.
தொடாதே என்றாள்.
தொட்டுவிட்டிருந்தேன்.
கட்டைவிரலில் மழைக்கு முந்தைய ஒரு நிறம்,
மூன்று நாள் டர்பன்டைனுக்கும் போகவில்லை.

வீடில்லை அதில். படகில்லை. வேலியில்லை.
ஒரு பாதி சாம்பலுக்குள் சாம்பலாய் இறுகிய கறுப்பு.
மறுபாதி
கத்தியால் இழுத்து வழித்த வெளிர்மஞ்சள்.
ஓரத்தில் துரு நிறத்தில் ஒரு கசிவு.
இரண்டுக்கும் நடுவே கோடு,
கோடென்றும் சொல்ல முடியாது,
யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்ட இடம்.

பின்பக்கம் கையெழுத்து இல்லை, அம்புக்குறி இல்லை.
போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.
வெளிச்சம் மேலேதானே இருக்கும் என்று
கொக்கி திருகிக் கம்பி கட்டினேன்.

கண்காட்சியில் வாங்கியவள் எல்ஸ்பத் மக்குல்லோக்,
பால் லாரி ஓட்டுபவள்.
நானூறு பவுன், நாலு தவணை.
அடுப்படியில் கெட்டிலுக்கு மேலே மாட்டினாள்,
ஆவி படும் என்று சொல்லியும்.

ஆகஸ்டில் கிரீர் கடைக்கு வந்தாள்.
எல்ஸ்பத் வீட்டில் தேநீர் குடித்தேன் என்றாள்.
தலைகீழாகக் கம்பி கட்டியிருக்கிறாய் என்றாள்.
கோபமா என்று பார்த்தேன்.
ஆணி டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அவளிடம் சொன்னாயா?

வாயெடுத்தேன், அவள் முந்திக்கொண்டாள்.
விடிகாலை நாலு மணி, லாரி விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால்
இதேதான் என்றாள்.
வானம் முதலில் வெளுக்குமாம்,
சேறு கடைசியில்தான் எழுந்திருக்குமாம்.
அந்தச் சிவப்பு, அவள் பாலேற்றும் முதல் பண்ணையின் கதவாம்.

கதவா அது?

இல்லை. டப்பா கவிழ்ந்தது.

அன்று கடையைச் சாத்திவிட்டுக் கரைக்குப் போனேன்.
ஓதம் வடிந்து மைல்கணக்கில் சேறு.
ஒரு குதிரைமலைக்கொக்கு எங்கோ கத்திவிட்டு நிறுத்தியது.
இருட்டு மேலிருந்துதான் வந்தது.
வானம் முழுக்க அணைந்த பிறகும்
சேறு தன் வெளிச்சத்தைக் கொடுக்க மறுத்து
வெளிர்மஞ்சளாய்க் கிடந்தது.
கிரீர் பார்த்தது இதைத்தான்.
முப்பது வருடம் இங்கே இருக்கிறேன்,
இந்த நேரத்துக்குச் செய்தி பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்புறம், ஐம்பத்தெட்டு வயதில்,
கால்களை அகட்டிக் குனிந்து
இடுக்கு வழியே பார்த்தேன்.
விடியப்போவது போல்தான் இருந்தது.
சட்டைப்பையிலிருந்து ஆணிகள் நழுவி
எந்தப் பக்கமோ விழுந்தன.

நாயோடு வந்த ஹாலிடே,
உடம்புக்கு ஒன்றுமில்லையே என்றார்.
ஒன்றுமில்லை என்றேன்,
நிமிராமல்.